விசைப்பலகை கண்ட முத்தையா

திருவண்ணாமலைத் திருக்கோயிலின் மதில்களிலும் மண்டபச் சுவர்களிலும் சோழர் காலம் முதல் விசயநகர வேந்தர் காலம் வரை பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் பல உள்ளன. பழைய கல்வெட்டுகளை உற்றுநோக்கிப் படிப்பார்க்கு ஒன்று புலப்படும். மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கவேண்டிய புள்ளி அவற்றில் பெரும்பாலும் இராது. எது மெய், எது உயிர்மெய் என்பதைச் சொல்லின் போக்கை நோக்கியே அறிந்துகொள்ளல் வேண்டும். ஓலைச்சுவடிகளிலும் இதே நிலைதான். புள்ளியிட்டால் எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடுமென அஞ்சி, ஏடெழுதுவோர் அதனை விட்டுவிட்டனர். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டெனத் தொல்காப்பியர் வகுத்த விதி ஏட்டில் இருந்தது. எழுதுவோர் கையில் இல்லை.

அதே திருவண்ணாமலையில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், பிற தமிழக நகரங்களிற் போலவே தட்டச்சுப் பயிற்சிக் கூடங்கள் ஏற்பட்டன. பள்ளியிறுதி வகுப்பை முடித்த இளைஞர் மாலை வேளைகளில் அங்குச் சென்று பயின்றனர். தமிழ்ப்பொறியின் முன் அமர்ந்தவர் கற்றவற்றுள் ஒன்று வியப்பானது. க் என்று பதிக்க வேண்டுமானால் முதலில் புள்ளியைத் தட்டவேண்டும். அதன்பின் ககரத்தைத் தட்டவேண்டும். கல்லிலும் ஓலையிலும் இடம்பெறாத புள்ளி, பொறியில் எழுத்துக்கும் முன்னதாக வந்து நின்றது. இம்முறை எவ்வாறு தோன்றியது என்பதை அறிய வேண்டுமாயின், தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்பெறும் முத்தையாவின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

தட்டச்சுப் பொறி மேலைநாட்டில் தோன்றியது. அமெரிக்க நாட்டின் மில்வாக்கி நகரில் வாழ்ந்த கிறிஸ்தோபர் லாதம் ஷோல்ஸ் என்பவர், தம் நண்பர் இருவருடன் சேர்ந்து ஒரு பொறியை அமைத்து 1868 ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். துப்பாக்கியும் தையற்பொறியும் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனத்தார் அதனை ஏற்று, 1874 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அம்முதற்பொறி ஆங்கிலப் பேரெழுத்துகளை மட்டுமே பதித்தது. 1878 ஆம் ஆண்டில் வெளிவந்த அடுத்த பொறியில், ஒரே கோலின் முனையில் மேலும் கீழுமாக இரண்டு எழுத்துகளைப் பொருத்தினர். தனி விசை ஒன்றை அழுத்திக்கொண்டு தட்டினால் மேலெழுத்தும், அழுத்தாமல் தட்டினால் கீழெழுத்தும் தாளிற் பதிந்தன. ஆங்கில நெடுங்கணக்கில் எழுத்துகள் 26. பேரெழுத்தும் சிற்றெழுத்துமாகக் கொண்டாலும் 52 தாம். எண்களும் நிறுத்தற்குறிகளும் சேர்ந்தும் அவை பொறிக்குள் எளிதில் அடங்கின. சில்லாண்டுகளுக்குள் ஆங்கிலம் வழங்கிய இடமெங்கும் அப்பொறி பரவிற்று. அலுவலகங்களில் எழுதுகோலின் ஆட்சி தளர்ந்தது.

தமிழின் நிலை வேறு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள் நமக்கு உள்ளன. இவையன்றி வடசொற்களை எழுதுதற்கு வழங்கும் ஜ, ஷ, ஸ, ஹ முதலியனவும் உண்டு. அச்சுக்கூடத்தில் இத்தனை எழுத்துக்கும் இடமுண்டு. அச்சுக்கோப்பவர் முன் அறை அறையாகத் தடுத்த பெட்டிகள் இருக்கும். நூற்றுக்கணக்கான ஈய எழுத்துகளை அவற்றிலிட்டு, வேண்டியதை வேண்டியபோது எடுத்துக் கோப்பார். கொல்லத்தில் 1578 ஆம் ஆண்டில் தம்பிரான் வணக்கம் அச்சான காலந்தொட்டு இவ்வாறே தமிழ் அச்சேறி வந்தது. ஆனால், இரு கையின் பத்து விரல்களுக்கு எட்டும் பலகையில் நூற்றுக்கணக்கான விசைகளை வைத்தல் இயலுமோ? வைத்தாலும் விரல் அவற்றைத் தேடி அலைவதற்குள் எழுதுகோலே முந்திக்கொள்ளும். ஆகவே, தமிழுக்குத் தட்டச்சுப் பொறி இசையாது என்ற எண்ணம் எளிதில் எழக்கூடியதே. எழுத்து மிகுதியே தமிழின் குறை என்று கூறுவாரும் இருந்தனர்.

இந்நிலையில்தான் யாழ்ப்பாணத்தைச் சார்ந்த சுண்டிக்குளி என்னும் ஊரில், இராமலிங்கம் என்பாரின் மைந்தராக, 1886 ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 24 ஆம் நாள் முத்தையா பிறந்தார். யாழ்ப்பாணம் தமிழ் அச்சுக்குப் பெருந்தொண்டு செய்த மண்ணாகும். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிப் பழந்தமிழ் நூல்களைப் பிழையற வெளியிட்டார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்துப் பதிப்பித்தார். மறுபுறம், கிறித்தவத் தொண்டர் நிறுவிய பள்ளிகளால் அங்கு ஆங்கிலக் கல்வி வேரூன்றியிருந்தது. அக்கல்வி கற்ற இளைஞர் பலர் கடல் கடந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று, இருப்புப்பாதைத் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் வணிக நிலையங்களிலும் எழுத்தராயினர். யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்கள் மலாயாவிலிருந்து திங்கள்தோறும் வந்த பணத்தைக் கொண்டே நிமிர்ந்து நின்றன.

முத்தையாவும் அவ்வழியே சென்றார். 1907 ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் வயதில், அவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார். முதலில் இருப்புப்பாதைத் துறையில் பணி கிடைத்தது. பின்னர், ஐல்ஸ்பெரி அண்ட் கார்லண்ட் என்னும் ஆங்கிலேய வணிக நிறுவனத்தில் எளிய எழுத்தராகச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து தலைமை எழுத்தரானார். 1930 ஆம் ஆண்டுவரை அந்நிறுவனத்தில் அவர் பணி நீடித்தது. சுருக்கெழுத்திலும் தட்டச்சிலும் அவர் தேர்ந்தவர். ஆங்கிலப் பொறியின் விசைகள் அவர் விரல்களுக்கு நன்கு பழகியவை. பொறியின் உறுப்புகள் இயங்கும் வகையையும் அவர் அறிந்திருந்தார்.

இங்கு ஓர் உண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலாயாவில் அக்காலத்துத் தமிழர் தொகை சிறிதன்று. தோட்டங்களில் பால்மரம் சீவியோர், துறைமுகத்திற் சுமை தூக்கியோர், வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார், கடைவைத்து வாணிகஞ் செய்தோர் எனப் பலதிறத்தார் அங்கு வாழ்ந்தனர். அவர்தம் கணக்கும் கடிதமும் தமிழில் கையால் எழுதப்பெற்றன. ஆங்கிலக் கடிதத்திற்கோ பொறி இருந்தது. இடையே கரித்தாள் வைத்து ஒரே முறையில் இரண்டு மூன்று படிகள் எடுக்கலாம். அச்சுப்போல் தெளிவாக இருத்தலின் படிப்பவர்க்கு ஐயமும் எழாது. தமிழில் ஒரு கடிதத்திற்கு நான்கு படிகள் வேண்டுமாயின் நான்கு முறை எழுதுதல் வேண்டும். பகலெல்லாம் ஆங்கிலப் பொறியில் பணிசெய்த தமிழர் ஒருவர்க்கு, தம் தாய்மொழிக்கு இவ்வசதி இல்லையே என்னும் எண்ணம் உறுத்தாமல் இராது. பலருக்கு அது வருத்தமாக நின்றுவிட்டது. முத்தையாவுக்கு அது வேலையாயிற்று.

அவர் அவ்வேலையைத் தொடங்கிய முறை நினைந்து போற்றத்தக்கது. தமிழ் எழுத்துகள் அனைத்தையும் வரிசையாக ஒட்டிவைத்து, அவற்றை மணிக்கணக்கில் நோக்கியபடி இருப்பார் என்பர். நாமெல்லாம் ஐந்து வயதில் கற்று, அதன்பின் ஒருபோதும் உற்றுப் பாராத எழுத்துகளை அவர் புதியவை போலப் பார்த்தார். எவ்வெழுத்துக்கும் எவ்வெழுத்துக்கும் உறுப்பு ஒத்திருக்கிறது, எவ்வுறுப்பைப் பிரித்தெடுத்தால் பிறவற்றுக்கும் பயன்படும் என்பதே அவர் ஆராய்ச்சி. அவர் கண்ட வழியை நாமும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம்.

அகரம் ஏறிய உயிர்மெய்கள் க, ங, ச, ஞ முதலாக 18. இவை அடிப்படை. ஆகார வரிசைக்கு இவற்றின் வலப்பக்கத்தில் கால் ஒன்று சேர்த்தால் போதும். எகரம், ஏகாரம், ஐகாரம் ஆகிய மூன்று வரிசைகளுக்கும் இடப்பக்கத்தில் கொம்போ இணைக்கொம்போ சேரும். ஒகர ஓகாரங்களுக்குக் கொம்பும் காலும் இருபுறமும் நிற்கும். ஔகாரத்திற்குக் கொம்போடு ளகரம் போன்ற வடிவம் சேரும். ஆகவே ஏழு வரிசைகள், வரிசைக்குப் பதினெட்டாக, 126 எழுத்துகளை, அடிப்படை எழுத்து 18 உடன் நான்கு பக்கக் குறிகளைக் கொண்டே பதித்துவிடலாம். எகரத்தையும் ஏகாரத்தையும் வேறுபடுத்த இரட்டைச் சுழிக் கொம்பு வகுத்துத் தந்தவர் வீரமாமுனிவர். அவர் எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் செய்த நன்மை, இரண்டு நூற்றாண்டுகள் கழித்துப் பொறிக்கும் நன்மையாயிற்று.

இனி, இகர ஈகார வரிசைகளில் விசிறி எழுத்தின் தலைமேல் ஏறும். மெய்களில் புள்ளி தலைமேல் நிற்கும். இம்மூன்று மேற்குறிகளால் 54 எழுத்துகள் கிடைக்கும். எஞ்சியவை உகரமும் ஊகாரமும் ஏறிய 36. இங்குத்தான் தமிழ் நெடுங்கணக்கு பொறிக்கு முரண்டு பிடிக்கிறது. கு, டு, மு, ரு, ழு, ளு என்பன ஒருவகையாக வளையும். ஙு, சு, பு, யு, வு என்பன கீழ்நோக்கிக் கோடு இழுக்கும். ஞு, ணு, து, நு, லு, று, னு என்பன வாலைச் சுழித்து மேலேறும். ஊகாரத்திற்கு வந்தால் அவ்வகைகளும் மீண்டும் மாறும். குகரத்தைக் கூகாரமாக்கும் வகை வேறு. துகரத்தைத் தூகாரமாக்கும் வகை வேறு. ஒரே குறியால் இவை அனைத்தையும் அமைத்தல் இயலாது.

இப்பொழுது கூட்டிப் பார்ப்போம். அடிப்படை எழுத்து 18, பக்கக்குறி 4, மேற்குறி 3, உகர ஊகாரங்கள் 36, உயிர் 12, ஆய்தம் 1 ஆக மொத்தம் 74 வடிவங்கள். 247 என்பது 74 ஆகச் சுருங்கிவிட்டது. முத்தையாவின் பலகையில் விசைகள் 46. விசைக்கு இரண்டு வடிவமாகக் கொண்டால் 92 இடங்கள். 74 போக எஞ்சுபவை 18. எண்கள் பத்துக்கும் இடம் ஒதுக்கினால் எட்டே எஞ்சும். அவ்வெட்டில் முற்றுப்புள்ளி, கால்புள்ளி, அடைப்புக்குறி, மேற்கோட்குறி முதலியவற்றை வைப்பதா? ஜ, ஷ, ஸ, ஹ முதலியவற்றை வைப்பதா? பழைய எழுத்து முறையின் இடர் இதனோடும் நில்லாது. ணா, றா, னா என்பனவும், ணை, லை, ளை, னை என்பனவும் அந்நாளில் இன்று நாம் எழுதும் வடிவில் இல்லை. காலும் இணைக்கொம்பும் எழுத்தோடு ஒட்டி வேறு வடிவாகச் சுழிந்திருந்தன. தமிழக அரசு 1978 ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்த பின்னரே அவை இன்றைய எளிய வடிவம் பெற்றன. முத்தையா தம் பலகையை வகுத்த காலத்தில் அவ்வுதவி அவர்க்கு இல்லை.

ஆகவே அவர் மேலும் பிரித்தல் வேண்டியதாயிற்று. எந்த வடிவம் தனி இடம் பெறவேண்டும், எந்த வடிவத்தை இரண்டு தட்டில் அமைக்கலாம், எதனை அடிக்கடி தட்ட நேரும், எது நாட்கணக்கில் தேவைப்படாது என்று ஒவ்வொன்றையும் எடை போடவேண்டியிருந்தது. ஙகர வரிசையில் ங், ங என்பன நீங்கலாகப் பிற எழுத்துகள் நெடுங்கணக்கில் உண்டேயன்றி, நாம் எழுதும் சொற்களில் வருதல் அரிது. இலக்கணம் கற்றவர் அவற்றை ஒதுக்க ஒருப்படார். ஆயினும், நாள்தோறும் வரும் கு, து என்பவற்றை நெருக்கிவிட்டு, ஆண்டுக்கொருமுறை வாராத ஙூவுக்குத் தனி விசை தருதல் அறிவுடைமையாகாது என்பதை அவரும் மறுக்கமாட்டார்.

எழுத்துகளைப் பிரித்தாயிற்று. பிரித்தவற்றை ஓரிடத்தில் சேர்ப்பது எவ்வாறு? இதுவே முத்தையாவின் முன் நின்ற பெருந்தடை. தட்டச்சுப் பொறியின் இயல்பு யாதெனின், ஒரு விசையைத் தட்டியவுடன் கோல் எழுந்து, மை நாடாவின் மேல் மோதி, எழுத்தைத் தாளிற் பதிக்கும். உடனே தாள் சுற்றிய உருளை ஓர் எழுத்தின் அளவு இடப்பக்கம் நகரும். அடுத்த எழுத்து அடுத்த இடத்திற் பதியும். காலும் கொம்பும் எழுத்தின் பக்கத்தில் நிற்பன ஆதலின் அவற்றுக்கு இவ்வியக்கம் இடையூறன்று. கொம்பைத் தட்டி, ககரத்தைத் தட்டி, காலைத் தட்டினால் கொ என்று தானே அமையும். புள்ளியின் நிலை அவ்வாறன்று. ககரத்தைத் தட்டினால் உருளை நகர்ந்துவிடும். பின்னர்த் தட்டும் புள்ளி வெற்றிடத்தின் மேல் போய் நிற்கும். ஒவ்வொரு மெய்க்கும் உருளையைக் கையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தமிழிற் புள்ளி பெறாத சொல் அரிதன்றோ?

இதற்கு அவர் கண்ட வழி நகரா விசை. அதனைத் தட்டினால் குறி தாளிற் பதியும். உருளையோ அசையாது நிற்கும். அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியின் அடியிலேயே வந்து அமரும். அதன்பின் உருளை நகரும். பிரெஞ்சு முதலிய ஐரோப்பிய மொழிகளில் உயிரெழுத்தின் மேலிடும் சிறு குறிகளுக்கு இத்தகைய விசை வழக்கில் இருந்தது. அங்கு அது சிற்சில எழுத்துகளுக்கு மட்டுமே வேண்டிய சிறு வசதி. தமிழிலோ அதுவே பொறியின் உயிர்நிலை ஆயிற்று. பதினெட்டு மெய்க்கும் பதினெட்டுத் தனி வடிவங்கள் வேண்டியிருந்த இடத்தில் ஒரே புள்ளி போதுமானதாயிற்று. கையால் எழுதும்போது எழுத்து முந்தும், புள்ளி பிந்தும். பொறியில் புள்ளி முந்தி, எழுத்துப் பிந்தியது. தமிழ் பயின்ற கை இதனை ஏற்கச் சில நாள் மறுக்கும். பழகியபின் அதுவே இயல்பாகிவிடும்.

குறைகளே இல்லாத பொறி அன்று அது. தட்டச்சுப் பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு இடம். நெடிது அகன்ற ணகரமும் ஞகரமும் நெருங்கி ஒடுங்கின. மெலிந்த ரகரமும் காலும் இருபுறமும் வெளிவிட்டு நின்றன. எழுத்துக்கேற்ப வளைந்து பொருந்தவேண்டிய விசிறி, எல்லா எழுத்தின் மேலும் ஒரே இடத்திலேயே பதியும். நல்ல ஏட்டெழுத்தின் அழகில் தோய்ந்த புலவர்க்கு அத்தாள் கண்ணுறுத்தியிருக்கலாம். அவர்கள் குறை கூறியிருப்பின் அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், அலுவலக எழுத்தர் ஒருவரின் கிறுக்கலைப் படிக்கத் திணறிய எளிய குடிமகனுக்கு, ஒடுங்கிய ணகரம் ஒரு பொருட்டாகத் தோன்றியிராது.

பலகையைத் தாளில் வரைந்துவிடுதல் ஒன்று. அதனை இரும்பிலும் எஃகிலும் ஆக்குதல் மற்றொன்று. தட்டச்சுப் பொறி செய்யும் ஆலை அந்நாளில் தமிழ் வழங்கும் நாடு எதிலும் இல்லை. ஆகவே, செருமனி நாட்டின் திரெஸ்டன் நகரத்திலிருந்த சைடல் அண்ட் நௌமான் ஆலையில் அவருடைய பொறி உருவாயிற்று. 1868 ஆம் ஆண்டில் தையற்பொறி செய்யத் தொடங்கிய ஆலை அது. பின்னர் மிதிவண்டியும் தட்டச்சுப் பொறியும் செய்து உலகெங்கும் விற்றது. கால் எது, கொம்பு எது என்று அறியாத தொழிலாளர், எஃகு முனைகளில் தமிழெழுத்துகளை மயிரிழை பிசகாமல் வெட்டவேண்டும். புள்ளி ஓர் இம்மி கீழிறங்கினால் எழுத்தின் மேற்கோட்டில் முட்டிக் கரைந்துவிடும். ஓர் இம்மி மேலேறினால் மேல்வரியின் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடலுக்கு அப்பாலிருந்து இத்தகைய நுண்மைகளைக் கடிதத்தாலும் வரைபடத்தாலும் உணர்த்துதல் எளிய செயலன்று.

முதலில் வெளிவந்தது மேசைமேல் நிலையாக வைத்துப் பயன்படுத்தும் பெரிய பொறி. அதில் தென்பட்ட குறைகளை நீக்கி, மேலும் திருந்திய பொறிகளைப் பின்னர் வெளியிட்டார். ஐடியல், பிஜோ என்னும் பெயர்களில் அவை வந்தன. பிஜோ என்பது பிரெஞ்சு மொழியில் அணிகலனைக் குறிக்கும் சொல். பெயருக்கேற்பப் பெட்டியிலிட்டுக் கையில் தூக்கிச் செல்லத்தக்க சிறுபொறி அது. நூற்றுக்கணக்கான ஈய எழுத்தும் அவற்றை வைக்கும் பெட்டிகளும் கொண்ட அச்சுக்கூடத்தை நினைந்து, 247 எழுத்தையும் பதிக்கவல்ல அச்சிறு பெட்டியை நோக்கினால், முத்தையா செய்த சுருக்கத்தின் அருமை விளங்கும். அலுவலகத்தோடு நில்லாமல், எழுத்தாளரும் ஆசிரியரும் வணிகரும் தத்தம் இல்லத்திலேயே தமிழைத் தட்டச்சிடும் வாய்ப்பை அத்தகைய பொறிகள் உண்டாக்கின.

பொறி பரவத் தொடங்கிய காலத்தில் உலகப்போர் குறுக்கிட்டது. 1939 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்க்கும் செருமானியர்க்கும் போர் மூண்டதும், இலங்கையும் மலாயாவும் இந்தியாவும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தமையால், செருமனியோடு அந்நாடுகளின் வாணிகம் அறுந்தது. 1942 ஆம் ஆண்டு பெப்ருவரியில் சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்தது. 1945 ஆம் ஆண்டு பெப்ருவரியில் திரெஸ்டன் நகரம் வான்குண்டுகளால் எரிந்து சாம்பலாயிற்று. போர் முடிந்தபோது செருமனி இரு கூறாகப் பிரிந்துகிடந்தது. திரெஸ்டன் உருசியர் பகுதிக்குள் அகப்பட்டது. தமிழ்ப்பொறி பிறந்த இடத்தோடு முன்போல் தொடர்பு கொள்ளும் வழி அடைபட்டது.

முத்தையாவுக்கு அப்பொழுது அறுபது வயதாகிவிட்டது. பெரும்பாலோர் ஓய்வை நாடும் அவ்வயதில் அவர் மீண்டும் பலகையின் முன் அமர்ந்தார். பழைய பலகையை அப்படியே மறுபடியும் செய்யச் சொல்லியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்த குறைகளைக் களைந்து புதிய விசைப்பலகை ஒன்றை வகுத்தார். மேற்கு செருமனியில் வில்கெல்ம்சாவன் என்னும் துறைமுக நகரில் ஒலிம்பியா நிறுவனத்தார் ஆலை அமைத்திருந்தனர். அவர்கள் கதையும் ஒருவகையில் இதனோடு ஒத்ததே. எர்பர்ட் நகரிலிருந்த அவர்களது பழைய ஆலை உருசியர் பகுதியில் சிக்கிக்கொள்ளவே, பொறியாளர் சிலர் மேற்கே வந்து புதிதாகத் தொடங்கியிருந்தனர். அவ்வாலையிலிருந்து முத்தையாவின் புதிய பலகை பூண்ட தமிழ்ப்பொறிகள் வெளிவந்தன.

அவர் வகுத்த நெறியில் பிறரும் பிற நிறுவனத்தாரும் தமிழ்ப்பொறிகளை வெளியிட்டனர். விசைகளின் இடத்தில் மாற்றங்கள் நிகழ்ந்தன. நகரா விசையும் எழுத்தை உறுப்புறுப்பாகப் பிரிக்கும் முறையும் நிலைத்தன. சென்னை மாநிலத்தில் 1956 ஆம் ஆண்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டத்தை நிறைவேற்றிய மன்றத்தாரின் பெயர்களை வரலாறு எழுதுவோர் மறப்பதில்லை. ஆனால், ஆணையும் அறிக்கையும் குறிப்பும் தமிழில் வரவேண்டுமென்றால் அவற்றைப் பல படிகளாக விரைந்து எடுக்கும் கருவி வேண்டும். அக்கருவி அணியமாக இருந்தது. வட்டாட்சியர் அலுவலகம் முதல் தலைமைச் செயலகம் வரை தமிழ்ப்பொறிகள் இடம்பெற்றன. அரசின் தொழில்நுட்பக் கல்வித்துறை தமிழ்த் தட்டச்சில் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை நடத்தியது. சிற்றூர் இளைஞரும் நங்கையரும் அத்தேர்வில் தேறி, ஆங்கிலப் புலமை மிகுதியும் வேண்டாத அரசுப் பணிகளிற் சேர்ந்தனர். தாய்மொழியில் தட்டச்சிடும் திறன் ஒன்றே பல குடும்பங்களுக்குச் சோறிட்டது.

தமிழகத்தில் நிலைபெற்ற பலகையில் இடக்கை விரல்கள் அமரும் விசைகள் ய, ள, ன, க என்பன. சுட்டுவிரலின் கீழ் ககரம் இருக்கும். மேல்நிலை விசையை அழுத்திக்கொண்டு அதனையே தட்டினால் கு என்று பதியும். மகரத்தின் மேல்நிலையில் மு. டகரத்தின் மேல்நிலையில் டு. எழுத்தும் அதன் உகர வடிவும் ஒரே விசையில் உறவாக அமர்ந்திருத்தலால், கற்பவர் ஒன்றை அறிந்தால் மற்றொன்றைத் தேடவேண்டுவதில்லை.

கணிப்பொறி வந்தபின் நகரும் உருளையும் இல்லை. மோதும் கோலும் இல்லை. 1999 ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, ஒலிமுறையைத் தழுவிய தமிழ் 99 என்னும் பலகையைத் தமிழக அரசு ஏற்றது. கற்பதற்கு அது எளிது என்பதில் ஐயமில்லை. எனினும், பொறியில் பயின்ற பல்லாயிரவர் பழைய பலகையை விடவில்லை. அவர்களுக்காகவே கணிப்பொறியிலும் பழைய தட்டச்சுப் பலகையின் அமைப்பு இடம்பெற்றது.

திருவண்ணாமலைப் பயிற்சிக் கூடம் ஒன்றில் அமர்ந்து, அண்ணாமலை என்று தட்டப் பயின்ற மாணவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். முதலில் அகரத்தைத் தட்டுவார், உருளை நகரும். அடுத்துப் புள்ளியைத் தட்டுவார். உருளை அசையாது, வெற்றிடத்தின் மேல் ஒரு புள்ளி மட்டும் நிற்கும். பின்னர் ணகரத்தைத் தட்டுவார்; புள்ளியின் கீழ் அது வந்து பொருந்தும், உருளை மீண்டும் நகரும்.